உறவுமுறை: இல்லை

விண்ணப்பத்தின் பதினோராம் கட்டத்துக்குப் பிரியவதனி வந்து சேர்ந்து மூன்று நாளாகிவிட்டது. முதல் பத்தையும் முத்து முத்தாக நிரப்பியிருந்தாள். பெயர், பிறந்த திகதி, சாதாரணதரப் பரீட்சையில் ஒன்பது ஏ, எல்லாம் சரி. பதினோராவதில் பேனையை வைப்பாள், எழுதாமல் எடுத்து மூடிவிடுவாள்.

'எமது நிர்வாக சபை உறுப்பினர் எவருடனாவது உறவுமுறை உண்டாயின் குறிப்பிடவும்' என்று அதில் இருந்தது. கீழே ஏழு பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு வெறுங்கோடு.

விண்ணப்பம் கனடாவிலிருந்து வந்தது. அனலைதீவில் பிறந்து ரொறன்ரோவில் குடியேறிய ஏழு பேர் சேர்ந்து 'அனலைச்சுடர் கல்வி நிதியம்' என்று ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். உயர்தரம் முடியும்வரை ஒரேயொரு பிள்ளையின் விடுதிச் செலவும் படிப்புச் செலவும் அவர்களுடையது. முதலாவது நிபந்தனை, பிள்ளை அனலைதீவைப் பூர்வீகமாகக் கொண்டிருக்க வேண்டும் என்பது. அந்த ஒன்றில் மட்டும் பிரியவதனிக்குக் கவலை இருக்கவில்லை. அவளுடைய பரம்பரையில் ஒருவரும் கடல் தாண்டி எதிர்க்கரை ஊர்காவற்றுறையில்கூடப் பெண் எடுத்ததில்லை.

கிடைக்காவிட்டால் என்ன என்பதும் அவளுக்குத் தெரியும். உயர்தரக் கணிதம் படிப்பிக்க ஊருக்கு வருகிற ஆசிரியர்கள், வந்த படகு திரும்புவதற்குள் இடமாற்றத்துக்கு எழுதிப் போட்டுவிடுவார்கள். கணிதம் வேண்டுமென்றால் யாழ்ப்பாணத்தில் விடுதியில் நிற்க வேண்டும். அப்பாவின் புகையிலைத் தோட்டமோ இரண்டு வருடமாக மழையில் மூழ்கிக்கொண்டிருந்தது. நிதியம் கைவிட்டால் பொறியியல் படிப்பு என்ற பேச்சை அவள் வாழ்நாளில் எடுக்கத் தேவையில்லை.

பட்டியலில் முதல் பெயரைக் கண்டபோது அவள் சந்தோசப்பட்டது உண்மை. தலைவர் தில்லைநாதன் அம்மாவின் ஒன்றுவிட்ட தமையன். எதிரே 'மாமா' என்று பென்சிலால் எழுதியும் விட்டாள். பிறகுதான் அதை நிலாந்தினி அக்காவிடம் காட்டினாள்.

நிலாந்தினி சுன்னாகத்துக்காரி. அரசாங்கத்தின் அபிவிருத்தி உத்தியோகத்தராகத் தினமும் படகேறி வந்து போகிறவள். படிவம் என்று ஒன்று இருந்தால் அதை அவள் கண்ணில் காட்டாமல் தீவில் ஒருவரும் அனுப்புவதில்லை. சிவப்புப் பேனையை எடுத்துக்கொண்டு முதலில் தகப்பன் பெயரில் கை வைத்தாள். 'இராசநாயகம் (கிளி)' என்று இருந்ததில் கிளியை வெட்டினாள். பட்டப்பெயர்கள் படிவத்தில் வரப்படாதாம். இராசநாயகம் என்றால் தபாற்காரருக்கே யோசிக்க வேண்டும், கிளி என்றால்தான் ஊருக்குத் தெரியும் என்று பிரியவதனி சொல்லிப் பார்த்தாள். எடுபடவில்லை.

பிறகு பேனை பதினோராம் கட்டத்துக்கு வந்து நின்றது.

"தங்கச்சி, இந்த மாமாவை அழியும். சொந்தக்காரரை வெட்டத்தான் இப்பிடிக் கேக்கிறவை. எங்கடை கந்தோரிலையும் இதுதான் நடைமுறை."

"அப்ப இல்லையெண்டு எழுதட்டோ அக்கா?"

"பொய் எழுதினாலும் வெட்டுவினம். கீழை பாரும்."

கீழே தடித்த எழுத்தில், பிழையான தகவல் தந்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும் என்று இருந்தது. உண்மை சொன்னாலும் வெட்டு, பொய் சொன்னாலும் வெட்டு. பிரியவதனி அந்தத் தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை ஒரு யோசனை வந்தது. எவ்வளவு தூரத்துச் சொந்தம் என்று சரியாக அறிந்தால், தூரத்தைக் காட்டித் தப்பலாம். அதற்கு ஊரில் ஒரே ஆள் கலியாணத் தரகர் ஆழ்வாப்பிள்ளை. எந்த இரண்டு பேரைக் காட்டிக் கேட்டாலும் வெற்றிலையை மடிக்கிற நேரத்துக்குள் முறை சொல்லிவிடுவார்.

பிரியவதனியின் கணக்கில் சொந்தம் இரண்டு பேர்தான். ஒருவர் தலைவர். மற்றவர் பொருளாளர், படகுக்கார ஜெயரூபனின் தமையன். ஜெயரூபன் அப்பாவுக்கு மச்சான், அவளுக்கு ரூபன் மாமா. மற்ற ஐந்து பெயரும் அவள் கேள்விப்படாதவை. அந்த ஐந்தையும் ஆழ்வாப்பிள்ளை ஒன்றொன்றாக அம்மா வழியிலோ அப்பா வழியிலோ கொண்டுவந்து அவள் வீட்டு முற்றத்தில் இறக்கினார். கடைசிப் பெயரில் மட்டும் கொஞ்சம் தயங்கினார். பிரியவதனி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

"இவர் உனக்கு ரண்டு வழியாலை மாமா," என்றார்.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. விசயத்தை விக்கி விக்கிச் சொன்னாள். அவருக்கு இது புதிது. நாற்பது வருடமாக இல்லாத சொந்தத்தை உண்டாக்கித்தான் அவர் பிழைத்தார். இருக்கிற சொந்தத்தை இல்லாமல் பண்ணித் தரச்சொல்லி ஒருவரும் வந்ததில்லை. ஆனாலும் தொழில் தெரிந்தவர்.

"அறுந்த சொந்தம் சொந்தமில்லைப் பிள்ளை. கலியாணவீட்டுக்குச் சொல்லேல்லை, செத்தவீட்டுக்குப் போகேல்லை எண்டால் அதை நான் கணக்கிலை எடுக்கிறேல்லை. கொப்பருக்கு ஆரோடை எல்லாம் கதைபேச்சில்லை, அதைச் சொல்லு முதல்."

அப்பாவின் சண்டைக்கார வாயால் வீட்டார் பட்டது கொஞ்சமல்ல. அன்றைக்குத்தான் அதற்கு ஒரு பிரயோசனம் கிடைத்தது. வேலியை அரையடி தள்ளிப் போட்டதில் ஒரு குடும்பம். துரைசிங்கம் என்ற உறுப்பினரின் தம்பியுடைய மாடு புகையிலைக் கன்றைத் தின்றதில் அந்தக் குடும்பம். கோயிலின் ஐந்தாம் திருவிழாவில் மாலையை ஆளை மாற்றிப் போட்டதில் ஒன்று. கலியாண வீடியோவில் அப்பாவின் தலையை வெட்டியதில் இன்னொன்று. ஐந்தாவது குடும்பத்தோடு ஏன் கோபம் என்று அப்பாவுக்கே நினைவில்லை, ஆனால் பத்து வருடமாக முகம் பார்ப்பதில்லை. ஐந்தும் சுத்தமாக அறுந்திருந்தன. ஆழ்வாப்பிள்ளை ஒவ்வொரு விரலாக மடக்கித் தீர்ப்புச் சொன்னார்.

மிச்சம் இரண்டு. விண்ணப்பம் முடிகிற நாள் ஞாயிறு.

ரூபன் மாமாவோடு தான் கொழுவிக்கொண்டு வருவதாகச் சொல்லி, அப்பா செவ்வாய்க்கிழமை காலை சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்குதுறைக்குப் போனார். சும்மா நின்ற ஆளோடெல்லாம் சண்டை பிடித்தவருக்குத் திட்டம் போட்டுப் பிடிக்கத் தெரியவில்லை. நெடுநேரம் நின்றுவிட்டு, உன்ரை படகு ஒரு பக்கம் சரிஞ்சுதான் ஓடுது என்றார். படகுக்காரனிடம் அதைவிடப் பெரிய சொல் சொல்ல முடியாது. ஆனால் ரூபன் மாமாவோ, தனக்கும் அந்தச் சந்தேகம் இருந்ததாகவும், ஊரில் வேறு ஒருவரும் மனம்விட்டுச் சொல்லவில்லை என்றும் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டு பேருமாக மத்தியானம்வரை எஞ்சினைக் கழற்றி இடம் மாற்றிப் பூட்டினார்கள். அப்பா சாரம் முழுக்க ஒயிலோடு திரும்பி வந்தார். கையில் ஒரு பெரிய பாரை மீன். பின்னேரம் ரூபன் மாமாவும் மாமியும் வீட்டுக்கு வருவதாகச் சொல்லிவிட்டார்கள்.

"நல்ல பொடியன். அவனோடை எப்பிடிக் கொழுவுறது?" என்றார் அப்பா. அறுக்கப் போன சொந்தம் முன்னைவிட இறுகிவிட்டது.

தலைவர் தில்லைநாதனின் பக்கம் இதைவிடச் சிக்கல். அவருடைய தங்கை புவனேஸ்வரி ஊரில்தான் இருந்தார். அம்மா சறோஜினிதேவிக்குப் புவனமக்கா, பிரியவதனிக்குப் பெரியம்மா. இரண்டு வீட்டுக் குசினிக்கும் நடுவில் கறிக்கோப்பை போய்வராத நாளில்லை. தமையன் அனுப்பிய காசில் பெரியம்மா கட்டிய புதுவீட்டுக்கு வியாழக்கிழமை குடிபூரல். அம்மா அரியதரப் பலகாரத்துக்கு அரிசி ஊறப் போட்டிருந்தார்.

அந்தக் குடிபூரலுக்குப் போகாமல் விட்டால் சொந்தம் அறும் என்று ஆழ்வாப்பிள்ளை சொல்லியிருந்தார். அதை அம்மாவிடம் சொல்லப் பிரியவதனிக்கு வாய் வரவில்லை. இரண்டு தரம் குசினி வாசலுக்குப் போய்த் திரும்பினாள். மூன்றாம் தரம் சொன்னாள்.

அம்மா அரிசியைக் கையால் அளைந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"புவனமக்காட்டை ரகசியமாச் சொன்னால் என்ன?"

அதையும் பிரியவதனி யோசித்துப் பார்த்திருந்தாள். பெரியம்மா ஒவ்வொரு நாளும் தமையனோடு வட்சப்பில் முகம் பார்த்துக் கதைக்கிறவர். அவருடைய வாயில் ரகசியம் ஒரு பகல் தங்காது. விசயம் தலைவர் காதுக்குப் போனால், சிபாரிசுக்கு ஆள் பிடித்ததாகச் சொல்லியே வெட்டிவிடுவார்கள் என்று நிலாந்தினி அக்கா எச்சரித்திருந்தாள்.

வியாழக்கிழமை அம்மா பூட்டியிருந்த அலுமாரியைத் திறக்கவில்லை, புதுச்சேலையை எடுக்கவில்லை. தூரத்தில் மேளம் கேட்டது. மூன்று பேரும் வீட்டுக்குள் ஆளுக்கொரு மூலையில் இருந்தார்கள். அரியதரம் சுடாத அரிசி புளித்துக்கொண்டிருந்தது. பிரியவதனிக்குத் தன்னை நினைக்கவே வெட்கமாக இருந்தது. ஒன்பது ஏ எடுத்திருக்காவிட்டால் இப்போது அம்மா அங்கே பந்தியில் பரிமாறிக்கொண்டு நிற்பார்.

மத்தியானம் படலை திறந்தது. ரூபன் மாமா அடுக்குச்சட்டியோடு வந்து நின்றார். அவர்களைக் காணவில்லை, சுகமில்லையாக்கும் என்று பெரியம்மா வடை, மோதகம், பாயாசம், சோறு, ஐந்து கறியோடு கொடுத்துவிட்டிருந்தார். வாசனை வீடு முழுக்க நிறைந்தது. வாங்கினால் சொந்தம் தொடரும். அப்பா எழுந்து போய் அடுக்குச்சட்டியைப் பார்த்தபடி நின்றார்.

"எங்களுக்கு வேண்டாம் ரூபன். கொண்டு போ," என்றார். குரலில் காரம் இல்லை. பசிதான் இருந்தது.

"ஏன் அத்தான், நான் ஏதும் பிழை விட்டிட்டனே?"

இவ்வளவு காலமும் ஊரோடு சண்டை பிடித்த மனிதர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போது குசினியிலிருந்து அம்மா வந்தார். ஒருவரோடும் உரத்துக் கதைத்தறியாத அம்மா.

"புவனமக்காட்டைப் போய்ச் சொல்லு. இண்டையிலையிருந்து எங்களுக்கும் அவைக்கும் நன்மை தின்மைக்குப் போக்குவரத்து இல்லை. உனக்கும் சேத்துத்தான் சொல்லுறன்."

ரூபன் மாமா அடுக்குச்சட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். படலையைச் சாத்தவும் மறந்துபோனார். அம்மா குசினிக்குள் போய்ப் புளித்த அரிசியை வெளியே கொட்டுகிற சத்தம் கேட்டது. உள்ளே போய் அம்மாவைக் கட்டிப் பிடித்து அழவேண்டும் போலிருந்தது பிரியவதனிக்கு. போனாள். "நீ போய் அந்தத் துண்டை நிரப்பு," என்றார் அம்மா, முகத்தைக் காட்டாமல்.

அவள் நிரப்பினாள். ஏழு கோட்டிலும் இல்லை, இல்லை என்று ஏழு தரம். படிவத்தை உறுதிப்படுத்த வேண்டிய கிராம சேவகர் வேலணை ஆள். அவருக்கு இந்த உள்விசயம் ஒன்றும் தெரியாது. இந்தக் குடும்பத்துக்கு ஊரில் ஒருவரோடும் போக்குவரத்து இல்லையா என்று இரண்டு பேரிடம் விசாரித்தார். இரண்டு பேரும் ஓம் என்று அடித்துச் சொன்னார்கள். அவர் சீல் குத்தினார்.

சனிக்கிழமை ஊர்காவற்றுறையில் ஸ்கான் பண்ணி அனுப்பப் போக வேண்டியிருந்தது. அந்த நேரத்துக்கு ரூபன் மாமாவின் படகு மட்டும்தான் இருந்தது. முகம் கறுத்துப்போய் நின்றவர், அவள் ஏறும்போது பழக்கத்தில் கையை நீட்டினார். பிடித்தால் சொந்தமாகிவிடுமோ என்று பயந்து அவள் பிடிக்காமல் கால் வைத்தாள். வழுக்கி முழங்கால்வரை கடலில் இறங்கினாள். விண்ணப்பம் பொலித்தீன் பைக்குள் இருந்தபடியால் தப்பியது. ரூபன் மாமா கால் துடைக்கத் தன்னுடைய துவாயை எடுத்து அவளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு எஞ்சினடிக்குப் போய்விட்டார். படகு இப்போது சரியாமல் நேராக ஓடியது. அவள் அந்தத் துவாயைத் தொடாமல் ஈரக்காலோடு முழுவழியும் அழுதுகொண்டு போனாள்.

அடுத்த மூன்று கிழமை அந்த வீட்டுக்கு இருந்த பாடு சொல்லி மாளாது. கோப்பித்தூள் கைமாற்றாகக் கேட்க ஒரு வாசல் இல்லை. கோயிலில் அம்மா நின்ற பக்கத்தில் பெண்கள் நிற்கவில்லை. பெரியம்மா எதிரே வந்தால் அம்மா வேறு ஒழுங்கையால் சுற்றிப் போனார். அப்பா மட்டும் ஒருநாள் சாப்பிடும்போது, சண்டை பிடிச்ச ஆக்களோடை கதையாமல் இருக்கிறது சுகம், சண்டை பிடிக்காத ஆக்களோடை கதையாமல் இருக்கிறதுதான் சரியான கஸ்டம் என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை.

பிறகு நிதியத்தின் மின்னஞ்சல் வந்தது. முப்பத்தொன்பது விண்ணப்பத்தில் ஒன்றே ஒன்றுதான் நேர்முகத்துக்குக் கூப்பிடப்பட்டிருந்தது. அது பிரியவதனியுடையது.

நிலாந்தினிக்குப் பெருமை தாங்கவில்லை. மற்ற முப்பத்தெட்டும் பதினோராம் கட்டத்தில் விழுந்திருக்கும் என்றாள். சனிக்கிழமை பின்னேரம் கடைசிப் படகைத் தள்ளிப் போடச்சொல்லி, தன்னுடைய மடிக்கணினியைக் கந்தோர் மேசையில் வைத்து, வலையமைப்பு நன்றாக எடுக்கிற யன்னல் பக்கம் பிரியவதனியை இருத்தினாள். ரொறன்ரோவில் அது காலை. அம்மா கூடவே வந்திருந்தார். தில்லைநாதன் கண்டால் அம்மாவை அடையாளம் பிடித்துவிடுவார் என்று, கமரா எட்டாத இடத்தில் கதவுக்கு வெளியே ஒரு கதிரை போட்டு இருத்தினார்கள்.

திரையில் ஏழு சதுரம், ஏழு முகம். நடுச்சதுரத்தில் இருந்த தில்லைநாதன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தொடங்கினார். பெறுபேறு மற்ற எல்லாப் பிள்ளைகளையும்விட மேலே என்றார். ஏன் கணிதம் என்று அவள் எழுதிய கட்டுரையைத் தன் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டியதாகச் சொன்னார். கதவுக்கு வெளியே அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தது பிரியவதனிக்குத் தெரிந்தது. தமையனின் குரலை அவர் கேட்டு எத்தனை வருடமோ.

"அப்பாவின்ரை பேர் இராசநாயகம் எண்டு கிடக்கு. எந்த இராசநாயகம்?" என்று ஒருவர் கேட்டார்.

கிளி என்று நாக்கு நுனிவரை வந்தது. திரைக்கு அப்பால் நின்ற நிலாந்தினி தலையை ஆட்டித் தடுத்தாள்.

"தோட்டம் செய்யிறவர் ஐயா," என்றாள் பிரியவதனி.

ஏழு முகமும் ஒன்றையொன்று பார்த்தன. ஒன்றும் பிடிபடாத பார்வை அது. தில்லைநாதன் ஏதோ குறித்துக்கொண்டார். பிறகு பொருளாளர் தாளைப் புரட்டினார். பதினோராம் கட்டத்தில் ஏழு பேருக்கும் இல்லை என்று போட்டிருப்பதை வடிவாக விசாரித்துத்தான் போட்டாளா என்று கேட்டார்.

"ஓம் ஐயா. ஊரிலை விசாரிச்சு, கிராம சேவகரின்ரை சீலும் வாங்கித்தான் போட்டனான். எங்களுக்கும் உங்கள் ஒருத்தருக்கும் ஒரு சொந்தமும் இல்லை."

குரல் நடுங்காமல் வந்தது அவளுக்கே ஆச்சரியம். மூன்று கிழமையாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கினாற் போலிருந்தது. நிலாந்தினி பெருவிரலைத் தூக்கிக் காட்டினாள். அம்மா கொட்டிய அரிசி, ரூபன் மாமாவின் துவாய், எல்லாவற்றையும் பட்டம் வாங்கிய பிறகு வட்டியோடு திருப்பிச் செய்துவிட வேண்டும் என்று அவள் மனதுக்குள் நேர்ந்துகொண்டாள்.

திரையின் கீழ்மூலையில் மொட்டைத்தலையோடு ஒருவர் தொடக்கத்திலிருந்து வாயை அசைத்துக்கொண்டே இருந்தார். சத்தம் வரவில்லை. மாட்டுக்காரரின் தமையன் துரைசிங்கம் அவர்தான். மைக்கைத் திறக்கச் சொல்லி மற்ற ஆறு பேரும் மாறி மாறிச் சொன்னார்கள். அவர் மகளைக் கூப்பிட்டார். மகள் வந்து எதையோ அமத்தினாள். விண்ணப்பத்தின் முதல் பக்கத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு துரைசிங்கம் மெல்லக் கேட்டார்:

"மற்ற முப்பத்தெட்டுப் பிள்ளையளும் பதினோராம் கட்டத்திலை இடம் காணாமல் மறுபக்கத்திலையும் சொந்தம் எழுதியிருக்கினம், எங்கள் ஏழு பேரிலை ஒருத்தருக்கும் சொந்தமில்லாத நீர் உண்மையிலை எந்த ஊர், பிள்ளை?"